உட்காரச் சொன்ன சட்டம்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்தது. தொழிலாளர் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆய்வர் பெண்.

“மேடம், துணிக்கடை ஆய்வு முடிச்சாச்சு. வேலைக்கு நிக்கிய பிள்ளையளுக்கு ஸ்டூல் போட்டிருக்காங்க. போட்டோ எடுத்து ஏத்திட்டேன்.”

“ஸ்டூல்ல ஆள் இருந்துதா?”

“ஆள் இல்ல மேடம். ஸ்டூல் இருந்துது.”

“அப்போ நீ துணிக்கடைய ஆய்வு பண்ணினியா, ஸ்டூல் கடைய ஆய்வு பண்ணினியா?”

அவள் சிரித்துவிட்டாள். எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்று இப்போது கம்ப்யூட்டர்தான் சொல்கிறதாம். போய்வந்த கையோடு அறிக்கையை ஏற்ற வேண்டுமாம். “ஸ்டூல் உண்டா இல்லையாண்ணு மட்டும்தான் அது கேக்குது. ஆள் இருக்கியாளாண்ணு கேக்கல்ல மேடம்.”

“கம்ப்யூட்டருக்குக் கால் வலிக்காது மக்கா.”

எங்கள் காலத்தில் எப்படிப் பார்த்தோம் என்று நான்கு வரி எழுதித் தரச் சொன்னாள். நான்கு வரியில் எனக்குக் கோபம்கூட முழுதாக வராது. அதனால் இது கொஞ்சம் நீளும்.

தேர்வு எழுதித்தான் இந்தத் துறைக்கு வந்தேன். சென்னையில் பயிற்சி கொடுத்தார்கள். சட்டங்களின் பெயரை மனப்பாடம் செய்தோம், மறந்தோம், ஊருக்கு வந்து கடைக்காரர்களிடம் திட்டு வாங்கிப் புதிதாகப் படித்தோம். முதல் சில வருடம் தராசுக்கு முத்திரை போடுகிற வேலை. தேங்காய்ப்பட்டணத்தில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போய், தராசைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மீன் விற்கும் அக்கா ஒருத்தி என் முகத்துக்கு நேரே நெய்மீனைத் தூக்கிப் பிடித்து, “இதுக்கு முத்திர குத்திட்டுப் போ பிள்ளே, தராசு பொறவு பாக்கலாம்” என்றாள். நானும் விடவில்லை. மீனில் எங்கே குத்த வேண்டும், வாலிலா தலையிலா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அங்கே எனக்குத் தராசும் கிடைத்தது, சாயாவும் கிடைத்தது. சாயா நான் குடிக்கவில்லை. ஆய்வுக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

எனக்கு வாய் சரியில்லை என்று அலுவலகத்தில் பெயர். பொய்யில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஓட்டலில் பாத்திரம் கழுவ வைத்துவிட்டு, “எனக்க சொந்தக்காரப் பயல் மேடம், லீவுக்கு வந்தவன்” என்று ஒருவன் சொல்லும்போது நல்ல வாய் எங்கிருந்து வரும்?

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் சஸ்பெண்ட் ஆகாமல் ஓய்வு பெற்றதற்குக் காரணம் உதவி ஆணையர் சுந்தரேசன் சார். தஞ்சாவூர்க்காரர். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்குப் பாதி புரியாது. “என்னம்மா, சண்டை போடறாங்களா, பாட்டுப் பாடறாங்களா?” என்று என்னிடம் மெல்லக் கேட்பார். குரலை உயர்த்தி ஒரு நாளும் பேசியதில்லை. யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே “அப்படிங்களா” என்பார். வந்தவன், சார் நம் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று நினைத்து இன்னும் நாலு பொய் சேர்த்துச் சொல்வான். எல்லாவற்றுக்கும் “அப்படிங்களா.” கடைசியில் பேனாவை எடுத்து எழுதுவார் பாருங்கள், அந்த நாலு பொய்யும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கிடக்கும்.

ஒருமுறை நான் ஒரு முதலாளியைச் சார் முன்னாலேயே திட்டிவிட்டேன். ஆள் போன பிறகு சார் சொன்னார்: “ரெஜினாம்மா, நீங்க கோபப்படுங்க. நான் சாந்தமா இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே வேலையைச் செஞ்சா அரசாங்கத்துக்கு ஒரு சம்பளம் வேஸ்ட்டு.”

அவர் இருந்தபோதுதான் கடைகள் சட்டத்தில் அந்தப் பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். அவ்வளவுதான். பக்கத்தில் கேரளத்தில் முன்னாலேயே வந்துவிட்டது. அங்கே பெண்கள் தெருவில் நின்று கேட்டு வாங்கினார்கள். இங்கே கேட்காமலே வந்தது, அதனால் பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது.

சட்டத்தைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார், “உட்காருததுக்கும் ஒரு சட்டமா?” அவர் வங்கியில் வேலை பார்த்தவர். வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்து சம்பளம் வாங்கினவர். அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

துணிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். காலையில் கடை திறக்கும்போது நிற்கத் தொடங்குவாள். செருப்புப் போடக் கூடாது, டைல்ஸ் தரையில் வெறுங்கால். கூட்டமில்லாத மத்தியான நேரத்திலும் நிற்க வேண்டும். அலமாரியில் சாயக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது கணுக்கால் இட்லி மாதிரி இருக்கும். வயது ஏற ஏற நரம்பு முறுக்கிப் புடைத்துக்கொள்ளும். இதைச் சொன்னால், “எல்லாரும் நிக்கத்தானே செய்யியாங்க” என்பார்கள். எல்லோருமா? கல்லாப்பெட்டியில் இருப்பவர் நிற்கிறாரா? சேலை எடுக்க வந்தவர் நிற்கிறாரா? குஷன் வைத்த நாற்காலி போட்டிருக்கிறார்களே, அது யாருக்கு?

சட்டம் வந்ததும் மார்த்தாண்டம் பக்கம் ஸ்டூல் வியாபாரம் நன்றாக நடந்தது. எல்லாக் கடையிலும் ஸ்டூல். நாங்கள் போனால் வரிசையாக எடுத்துக் காட்டுவார்கள். முதல் வாரம் நானும் ஏமாந்தேன். பிறகு பார்க்கும் விதத்தை மாற்றினேன்.

கடைக்குள் போனவுடன் ஆய்வர் என்று சொல்ல மாட்டேன். சேலை எடுக்க வந்தவளாக நிற்பேன். முகத்தைப் பார்க்காமல் கால்களைப் பார்ப்பேன். ஒரு காலில் பாரத்தைப் போட்டு அடுத்த காலை லேசாகத் தூக்கி வைத்திருக்கிறாளா? அப்படியென்றால் அவள் உட்கார்ந்து வெகுநேரமாகிறது. அடுத்தது, ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்ப்பேன். கால்களின் அடியில் ரப்பர் புஷ் இருக்கும். ஆள் உட்கார்ந்து எழுந்து, இழுத்து நகர்த்தியிருந்தால் அது தேய்ந்து அழுக்காகியிருக்கும். வாங்கி வந்த அன்று இருந்த கறுப்போடு பளபளவென்று இருந்தால் அது காட்சிப்பொருள். மூன்றாவது, “உட்கார விடுகிறார்களா?” என்று ஒரு நாளும் கேட்கக் கூடாது. எல்லோரும் “விடுவாங்க மேடம்” என்பார்கள், பின்னால் சூப்பர்வைசர் நிற்பான். “கடைசியா எப்போ இருந்தே?” என்று கேட்க வேண்டும், எங்கள் ஊரில் இருப்பது என்றால் உட்காருவது. “மத்தியானம் சோறு திங்கும்போ மேடம்” என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

அஜிதாவை நான் பார்த்தது கடையில் இல்லை, என் அலுவலக வாசலில். அருமனையிலிருந்து வந்திருந்தாள். நாற்பது தாண்டிய பெண். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர், முதுகு போய்ப் படுத்திருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். மார்த்தாண்டத்தில் பெரிய துணிக்கடை ஒன்றில் நெடுங்காலமாகச் சேலைப் பிரிவில் இருந்தவள். கடைப் பெயர் வேண்டாம். ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் சூப்பர்வைசர் பிஜு, இனி வர வேண்டாம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

“மேடம், நஷ்டஈடு ஒண்ணும் எனக்கு வேண்டாம். வேல வேணும். இந்த வயசுல வேற எவன் என்னய கடையில நிப்பாட்டுவான்?”

முறைப்படி ஒரு வழி இருக்கிறது. காரணமில்லாமல் நீக்கினால் மேல்முறையீடு போடலாம். அதைக் கேட்கும் அதிகாரி வேறு ஊரில். வாய்தா மேல் வாய்தா போகும். தீர்ப்பு வருவதற்குள் அவள் மூத்த மகள் படிப்பை நிறுத்தியிருப்பாள். கடைக்காரரோ நாங்கள் நீக்கவேயில்லை, அவளாக நின்றுவிட்டாள் என்பார். எல்லாக் கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் பிஜு ஒரு காரியம் செய்திருந்தான். கேமராவில் பதிவான படத்தை எடுத்து, அஜிதா ஸ்டூலில் இருப்பதைச் சிவப்பு வட்டம் போட்டு, கடை ஊழியர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். கீழே வாசகம்: ‘வேலை நேரத்தில் உட்கார்ந்தவர் நீக்கப்பட்டுள்ளார். மற்றவர்களுக்கு இது பாடம்.’ மற்றவர்களைப் பயமுறுத்தப் போட்டது. போட்ட குழுவில் அஜிதாவும் இருந்தாள். அவளை வேலையிலிருந்து எடுத்தானே தவிர, குழுவிலிருந்து எடுக்க மறந்துவிட்டான்.

படத்தைச் சுந்தரேசன் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்தார். “தம்பி ரொம்ப உதவியா இருக்காரே” என்றார். பிறகு நானும் அவரும் கடைக்குப் போய் ஸ்டூல்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். புஷ் தேய்வதெல்லாம் இருக்கட்டும், இருக்கையின் பிளாஸ்டிக் உறையே கிழியவில்லை. விலைச்சீட்டுகூட ஒட்டியபடி இருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டு, முதலாளியைப் பேச்சுவார்த்தைக்கு வரச் சொல்லிக் கடிதம் அனுப்பினோம்.

முதலாளி ஜெபராஜ் எனக்குத் தெரிந்தவர். என் சபைக்காரர். கமிட்டியில் இருக்கிறார். ஒவ்வொரு வருடமும் சபை ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, மேல்சாதியார் முன்னால் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நம் பாட்டிமார் பட்ட அடியைப் பற்றிக் கண்ணீரோடு பேசுவார். நன்றாகவே பேசுவார், நானே அழுதிருக்கிறேன். அதனால்தான் எனக்குக் கோபம் இரட்டிப்பாக வந்தது.

பேச்சுவார்த்தை அன்று சாரின் அறையில் மேஜையைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஜெபராஜ் பிஜுவோடு வந்தார். சார் கைகாட்டினார், ஜெபராஜ் உட்கார்ந்தார். அஜிதா கதவுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நீங்களும் உட்காருங்கம்மா” என்றார் சார்.

“வேண்டாம் சாரே, நான் நிக்கேன்.”

“ஏம்மா?”

“முதலாளி இருக்கியாங்க சாரே.”

சார் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “சரி, அப்ப நானும் நிக்கறேன்.”

அதிகாரி எழுந்ததும் ஜெபராஜ் துள்ளி எழுந்தார். எங்கள் ஊரில் பெரியவர் நிற்கும்போது உட்காருவது எவனாலும் முடியாது, முதுகில் முள் குத்தும். பிஜு முதலாளிக்கு முன் உட்கார்ந்ததே இல்லை. நானும் எழுந்தேன். காலியான நாற்காலிகளைச் சுற்றி நாங்கள் ஐந்து பேரும் இழவு வீட்டில் நிற்பது மாதிரி நின்றோம். அலுவலக உதவியாளர் தட்டில் டீ கொண்டுவந்தார். எல்லோரும் நிற்பதைப் பார்த்து, கூட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து டீயைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

சார் நின்றபடியே விசாரணையைத் தொடங்கினார். கடை எப்போது ஆரம்பித்தது, எத்தனை மாடி, வியாபாரம் எப்படி. அவசரமே இல்லை. ஜெபராஜுக்கு முட்டி வலி உண்டு. கொஞ்ச நேரத்தில் ஒரு காலில் பாரத்தைப் போட்டார். பிறகு அடுத்த காலில். பிறகு மேஜையில் கையூன்றினார். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சார், இருந்து பேசலாமே.”

“பேசலாங்க. அந்தம்மா உட்காரட்டும்.”

ஜெபராஜ் திரும்பினார். “ஏட்டி அஜிதா, இரியேன்! இந்த மனுஷன் என்னய கொன்னிருவாரு போல இருக்கே!”

அஜிதா அசையவில்லை. “பரவாயில்ல முதலாளி. எனக்கு நின்னு பழக்கம்.”

அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபராஜ் மேல் வர வேண்டிய கோபமெல்லாம் அவள் மேல் வந்தது. “ஏட்டி, இருந்ததுக்குத்தானே ஒன்னயத் தள்ளினான்? அது தப்பில்லண்ணுதானே எனக்க ஆபீஸ் வாசலுக்கு வந்தே? இங்க இருக்க மாட்டேண்ணா, தப்புண்ணு நீயே சொல்லுதியா?”

“தப்பில்ல மேடம்” என்றாள். “அண்ணைக்கு ஆரும் பாக்கல்லேண்ணு நெனச்சு இருந்தேன். இங்க எல்லாரும் பாக்கியாங்களே.”

சாருக்கு அது முழுதும் புரிந்தது என்று நினைக்கிறேன், என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. எல்லோரும் பார்ப்பதை நிறுத்துவது போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் திரும்பினேன். நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது அஜிதா நாற்காலியின் நுனியில், பஸ்ஸில் பாதி சீட் கிடைத்தவள் மாதிரி இருந்தாள். ஜெபராஜ் “கர்த்தாவே” என்று பொத்தென்று உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு. கஸ்டமர் வரும்போது வேலைக்காரி உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு, வியாபாரம் கெட்டுப்போகும் என்றார் ஜெபராஜ்.

“அப்படிங்களா. உங்க அப்பா காலத்துலயும் துணிக்கடைதானா?”

“ஆமா சார். சின்னக் கடை. தரையில பாய் விரிச்சு, மேல வெள்ளத் துணி போட்டு.”

“நின்னுக்கிட்டே வித்தாரா?”

“பாயில எப்படி சார் நிக்க? இருந்துதான். வாறவங்களும் இருப்பாங்க.”

“அப்படிங்களா. வியாபாரம் கெட்டுப்போச்சா?”

ஜெபராஜ் குனிந்து முட்டியைத் தடவினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “ஆண்டுவிழாவுல பாட்டிமாரப் பத்தி அழுதீங்களே, அந்தக் காலத்துலயும் மேலாடை உடுத்தா மரியாதைக் குறைவுண்ணுதானே அடிச்சாங்க?” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. “சபைக் காரியத்த இங்க இழுக்காதீங்க ரெஜினா. அது வேற, இது வேற.”

“என்ன வேற? அது உங்க பாட்டி, இது அருமனைக்காரி. அதுதானே வேற?”

சார் கையைத் தூக்கி என்னை அடக்கினார். பிஜு போட்ட படத்தை மேஜையில் வைத்தார். ஸ்டூல் ஆய்வுக் குறிப்பை அதன் பக்கத்தில் வைத்தார். இந்த இரண்டையும் வைத்து வழக்குப் போட்டால் முதலாளிதான் நேரில் வர வேண்டும் என்று விளக்கினார். கடைசியாக, அக்கறையோடு சொன்னார்: “கோர்ட்டுல கூண்டுக்குள்ள நாற்காலி போட மாட்டாங்க. உங்க முட்டி தாங்குமான்னு டாக்டரை ஒரு தடவை கேட்டுக்கங்க.”

அஜிதாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இடையில் போன நாட்களுக்குச் சம்பளமும் சேர்த்து எழுதி வாங்கினோம். பாட்டிமாருக்காக ஜெபராஜ் மனம் மாறினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் மாறவில்லை. முட்டிக்காக மாறினார். எனக்கு அதுவே போதும். மனம் மாறும்வரை காத்திருந்தால் நம் ஊரில் ஒன்றும் நடந்திருக்காது. அதற்குத்தான் சட்டம்.

ஆனால் முதலாளிமார் புத்தி இருக்கிறதே. திரும்ப வந்தவளைச் சேலைப் பிரிவில் விடவில்லை. வாசலில் நிற்க வைத்தார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் கைகூப்பி வணக்கம் சொல்லும் வேலைக்கு. அங்கே ஸ்டூல் போடவே இடமில்லையாம். நான் போனேன். உள்ளே சத்தம் போட்டால் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பார்கள் என்று வாசலில் நின்றே சத்தம் போட்டேன். ஒரு கல்யாணப் பார்ட்டி வேனோடு நின்று வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம் அஜிதா சேலைப் பிரிவில் இருந்தாள்.

திரும்ப வந்த பிறகு அங்கே அவள் முதலில் உட்கார்ந்த அன்று நானும் போயிருந்தேன். ஒரு அம்மாளுக்குச் சேலை காட்டி, மடித்து வைத்து, அவர் போன பிறகு ஸ்டூலை இழுத்தாள். பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். உட்கார்ந்தாள். பிஜு மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு மேலே போய்விட்டான். மற்ற பெண்களும் பார்த்தார்கள். அன்று அவர்கள் ஒருத்தியும் உட்காரவில்லை. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், என் அறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு அஜிதா வந்தாள். கூட அதே கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்திக்கு நாற்காலி இல்லை. அவள் வெளியே போய் டைப்பிஸ்ட்டின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மேடம், மூணு மாடிக்கும் சேத்து எங்களுக்கு ஒரு பாத்ரூம்தான் உண்டு. அதுக்க சாவி பிஜுக்க பையில இருக்கு. கேட்டா, எதுக்குண்ணு கேக்கியான்.”

“எதுக்குண்ணா?” என்றேன்.

“ஆமா மேடம். ‘இப்பத்தானே போனே’ண்ணு சொல்லியான். இவ தண்ணி குடிக்கியதையே விட்டாச்சு. இதுக்குச் சட்டம் உண்டா, இல்லியா?”

“உண்டு.”

“எந்தக் காலத்துல வந்தது?”

“நீ பொறக்கதுக்கு முந்தியே.”

நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை ஒன்றுமில்லை. இத்தனை வருடம் நீ எங்கே போயிருந்தாய் என்கிற பார்வை.

அஜிதா கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“அப்போ என்னத்துக்கு இருக்கியீங்க? எந்திரிங்க மேடம், போவோம்.”